வளைந்த கிழங்கு

ஒருவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பதில் மரியாதை செய்யாமல் இருப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அந்த வழக்கம்தான் போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டு மானத்தையும் வாங்கியது.

பக்கத்து வீட்டு சயோரிக்கு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இபராகியில் விவசாயம் பார்க்கும் அவள் மாமனார் ஒரு பெட்டி சர்க்கரைவள்ளிக்கிழங்கு அனுப்புவார். பெட்டி வந்த அன்றே அவள் அதை அப்படியே என் வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவாள். மைக்ரோவேவில் வைத்தால் சப்பென்று கட்டை மாதிரி ஆகிறதாம். புதுக்கிழங்கு அப்படித்தான் இருக்கும், செய்தித்தாளில் சுற்றி ஒரு மாதம் போட்டு வை, தானாக இனிக்கும் என்றேன். யாருக்கு அக்கா அவ்வளவு பொறுமை என்றாள். ஆனால் மாமனாருக்கு மட்டும் தவறாமல் போன் செய்து, அமிர்தமாக இருந்தது மாமா, ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது என்பாள். பெரியவர் மனம் கோணக்கூடாதே என்று யாரும் சொல்கிற பொய்தான். நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

இந்த முறையும் ஒரு மாதம் வைத்திருந்து, ஈரச் செய்தித்தாளும் அதன்மேல் அலுமினியத் தாளும் சுற்றி, ஓவனில் சிறு சூட்டில் சுட்டேன். அவசரப்பட்டால் வெறும் மாவு. மெல்ல வெந்தால்தான் பாகு கசியும். நன்றாகவே கசிந்திருந்தது. நாலைந்தைத் தட்டில் அடுக்கி, துணி போட்டு மூடி, பெருமையாகச் சயோரி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே ஒரு பெரியவர் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மாமனார், முழங்காலை டாக்டரிடம் காட்ட வந்திருக்கிறார் என்று அறிமுகம் செய்த சயோரியின் கண் என் தட்டிலேயே இருந்தது. நான் திரும்பிப் போவதற்குள் பெரியவர் பேச ஆரம்பித்துவிட்டார். நிலத்தையெல்லாம் குத்தகைக்கு விட்டுவிட்டாராம். மண்வெட்டியைத் தொடாதே என்று டாக்டர் திட்டுகிறாராம்.

"ஒரே ஒரு பாத்தி மட்டும் விடலம்மா. இந்தப் பொண்ணு அவ்வளவு ஆசையா சாப்பிடுதே, எப்படி விடறது?"

சயோரி தலையை நிமிர்த்தவே இல்லை.

துணி வாசனையை மூடுமா? என்ன அது என்று கேட்டு அவரே துணியை விலக்கினார். கடையில் வாங்கியது என்று உளறினேன். அவர் ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

"என் பாத்தியில கல்லு ஜாஸ்தி. இப்படி வளைஞ்ச கிழங்க எந்தக் கடையிலம்மா விக்கிறான்?"

அவர் அதை இரண்டாக உடைத்து, தோலோடு, அவசரப்படாமல் தின்று முடித்தார். என்னைப் பார்த்து, அருமையாகச் சுட்டிருக்கிறீர்கள் என்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஊரார் கிழங்கைத் தின்று கொழுத்தவள் மாதிரி கூசிப்போய் நின்றேன்.

சயோரி தரையில் நெற்றி படக் குனிந்து, "மன்னிச்சிடுங்க மாமா" என்றாள்.

"எதுக்கும்மா? எழுந்திரு." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "எனக்குத்தான் நல்லதாப் போச்சு, இனி அந்தப் பாத்தியையும் விட்டுடலாம். டாக்டரும் குனியாதேன்னுதான் சொல்றாரு."

அவள் எழுந்திருக்கவில்லை.