பூனைப் பாட்டுக்கு நாற்பது பக்கம்

மாணவர்கள் அந்தத் தமிழ்ப் பேராசிரியருக்கு வைத்த பெயர் அடிக்குறிப்பு. எதைச் சொன்னாலும் ஆதாரத்தோடுதான் சொல்வார். எட்டு வருடம் உழைத்து, பழைய தனிப்பாட்டுகளைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். கடைசித் திருத்தத்துக்காகத் தட்டச்சுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, அங்கே வேலை செய்யும் பெண் களுக்கென்று சிரித்தாள்.

“எழுத்துப்பிழையாம்மா?”

“இல்ல சார், இந்தப் பாட்டு.”

யார் எழுதியது என்று தெரியாத பாட்டு. ஊரை விட்டுப் போன கணவனிடம் மனைவி சொல்கிறாள்: நீ போன பிறகு பூனையோடு பேசப் பழகிக்கொண்டேன், அது உன்னைவிடக் கவனமாகக் கேட்கிறது.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?”

“புருஷனைக் குத்திக் காட்டுறா சார்.”

அவருக்குச் சுருக்கென்றது. பிரிவுத் துயரத்துக்கு இதைவிடப் பெரிய சான்று இல்லையென்று அந்த இரண்டு வரிக்கு நாற்பது பக்கம் எழுதியிருந்தார். அதில் சிரிப்பு என்ற சொல்லே கிடையாது.

வீட்டில் மனைவி அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தாள். பாட்டைப் படித்துக் காட்டி, “இது கேலியா, அழுகையா?” என்று கேட்டார்.

“நான் எழுதியிருந்தா இன்னும் ரெண்டு வரி சேர்த்திருப்பேன்.”

அவள் முதுகுதான் தெரிந்தது. முகத்தை எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் போய் நின்றார். “அந்த நாற்பது பக்கத்தையும் எடுத்துடும்மா.”

“ஏன் சார்? அதைப் படிச்சிட்டு நேத்து அழுதுட்டேன். எங்க வீட்டுக்காரரும் வெளியூர்லதான் இருக்கார்.”

“நேத்து சிரிச்சியே.”

“பாட்டுக்குச் சிரிச்சேன், நீங்க எழுதினதுக்கு அழுதேன். ரெண்டும் வந்துச்சு. நான் என்ன பண்ண?”

அவர் படித்த நூல் ஒன்றும் கைகொடுக்கவில்லை. கடைசியில் எதையும் எடுக்காமல், பாட்டு வரும் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு மட்டும் சேர்க்கச் சொன்னார்: ‘இப்பாட்டைத் தட்டச்சு செய்தவர் இவ்விடத்தில் சிரித்தார். காரணம் ஆராயத்தக்கது.’

அதைப் படித்து அவள் மறுபடியும் சிரித்தாள். அவர் அதை விளையாட்டாக எழுதவில்லை.

நூல் வெளிவந்தது. நாற்பது பக்கத்தைப் பற்றி மதிப்புரைக்காரர் ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தக் குறிப்பை மட்டும், வெகுநாளுக்குப் பிறகு படித்த நல்ல நகைச்சுவை என்று பாராட்டியிருந்தார்.

அதற்குப் பிறகு வகுப்பில் அவர் வாயைத் திறந்தாலே, சிரிப்பதா எழுதிக்கொள்வதா என்று மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டிருந்தால் அவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.