பவுடர் போடாத நாள்

மூன்றாவது ஆளும் கட்டிப்பிடித்தபோது நோலீன் இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு மரக்கட்டைபோல நின்றாள்.

"பாவம், அக்கா போன துக்கத்துல இறுகிட்டா" என்றார்கள். துக்கம் இருந்தது. ஆனால் அப்போதைய பிரச்சினை அக்குள். நாற்பத்தோரு டிகிரி வெயிலில் காலையிலிருந்து பவுடரோ சென்ட்டோ போடவில்லை.

சர்ச்சுக்கு எதிரே, கோதுமைக் கிடங்கின் ஓரத்தில் மார்பகப் பரிசோதனை வண்டி நின்றது. யாரன்கூல் ஊருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். இன்று சாயங்காலம் கிளம்பிவிடும். பவுடர் பூசினால் எக்ஸ்ரே படத்தில் தப்பாகத் தெரியும் என்று அவர்கள் கடிதத்திலேயே இருந்தது.

அக்கா லோர்னா அந்த வண்டியை இரண்டு தடவை தவறவிட்டாள். அது வரும் வாரத்தில்தான் விவசாயக் கண்காட்சி. கேக் போட்டிக்கு அவள் நடுவர். "எனக்கென்ன, வலியா வீக்கமா?" என்பாள். வலி வந்தபோது நோய் கல்லீரல்வரை போயிருந்தது.

போன வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தங்கைக்குப் போன் செய்தாள். "வெள்ளிக்கிழமை மூணு இருபது. உன் பேர்ல நானே பதிஞ்சிட்டேன். நான் செத்தாலும் அதைச் சாக்கா வச்சுக்காதடி."

"இப்பக்கூட அதிகாரமா?"

"செத்தப்பறம் பண்ண முடியாதே!"

இறுதிச் சடங்கு வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு என்று முடிவானது.

மூன்று ஐந்துக்குக் கவுன்சிலர் ட்ரெவர் இரங்கல் உரையின் மூன்றாவது காகிதத்தைப் புரட்டினார். "லோர்னா ஒரு போராளி! எதிரியின் முன் ஒரு கணமும்..." கண்காட்சி நாளைதான், ஆனால் கண்காட்சித் தலைவருக்கான பட்டையை இன்றே சட்டையில் குத்தியிருந்தார். வண்டி வரும் வாரத்தோடு மோதாமல் கண்காட்சியை ஒரு வாரம் தள்ளலாமா என்று கேட்டபோது, பாரம்பரியம் என்று மறுத்தவரும் அவரே.

மூன்று பத்துக்கு நாலாவது காகிதம் தெரிந்தது. நோலீன் எழுந்தாள்.

"மன்னிச்சுக்கோ ட்ரெவர். அவ சண்டையெல்லாம் போடல. ரெண்டு தடவ வண்டிக்குப் போகல, அவ்வளவுதான். நான் போறேன்."

"இப்பவா? பெட்டி இன்னும் இங்கதான இருக்கு!"

"நேரம் குறிச்சதே அவதான். நீ முடிக்கிறதுக்குள்ள வந்துடுவேன்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். முன்வரிசையில் ட்ரெவரின் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வண்டிக்குள் நர்ஸ் கேட்டாள். "பவுடர், சென்ட் ஏதாவது?"

"இல்ல. இன்னைக்கு என்னைக் கட்டிப்பிடிச்சவங்கள வேணா கேளு."

நர்ஸ் சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். "இங்க ஒரு குறிப்பு இருக்கு. 'வரலேன்னா அக்கா லோர்னாவுக்குப் போன் பண்ணவும்.' நம்பரும் இருக்கு."

நோலீன் கறுப்புச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினாள்.

"பண்ண வேண்டாம்" என்றாள். "வந்துட்டேன்."

பிறகு, அன்று முதல்முறையாக, கையை நன்றாகத் தூக்கினாள்.