கூட்டத்தைத் தணித்த அடி

அந்த பஸ்ஸின் டிரைவர், கண்டக்டருடைய அக்காவைக் கட்டியவர். சில்லறைச் சண்டையோ சீட்டுச் சண்டையோ, கண்டக்டர் நாலு வார்த்தை பேசி அடக்கிவிடுவான். டெப்போவில் அவனுக்கு 'சமாதானம்' என்றே பெயர்.

அன்று மத்தியானம் மார்க்கெட் வளைவில் ஒரு ஸ்கூட்டர் சறுக்கி பஸ்ஸுக்கு முன்னால் விழுந்தது. பிரேக் போட்டும், ஓட்டி வந்த பெண்ணின் கால்மேல் முன்சக்கரம் ஏறி நின்றுவிட்டது. அவள் அலறியதில் மார்க்கெட்டே திரண்டது.

டிரைவரைச் சட்டையோடு கீழே இழுத்தார்கள். முதல் குத்திலேயே உதடு கிழிந்தது.

"வண்டியப் பின்னால எடுக்கணும்யா, விடுங்க. அந்தம்மா கால் மாட்டியிருக்கு." யார் காதிலும் அது ஏறவில்லை.

கண்டக்டர் குறுக்கே பாய்ந்தான். "அண்ணே, கொஞ்சம் பொறுங்க..." ஒரு முழங்கை அவன் மூக்கை உடைத்தது. பழக்கடைக்காரன் எடைக்கல்லை ஓங்கிக்கொண்டு வந்தான்.

கண்டக்டர் டிரைவரின் தலைமுடியைப் பற்றித் தன் பக்கம் இழுத்தான். "குடிகார நாயே, எத்தனை தடவைடா சொன்னேன்?" என்று கத்தியபடி காதோடு சேர்த்து அறைந்தான். மாமா குடித்தே அறியாதவர். மெதுவாக அடித்தால் நம்பமாட்டார்கள். மறுபடி அறைந்தான். அவர் படியில் மோதிச் சரிந்ததும் வயிற்றில் உதைத்தான்.

ஓங்கிய கைகள் இறங்கின. பழக்கடைக்காரன் எடைக்கல்லைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிப்பிடித்தான்.

"போதும் தம்பி, செத்துத் தொலைச்சிடப் போறான். கோபத்த அடக்கு."

"அப்ப வண்டிய எடுக்க விடுங்க."

டிரைவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே ஏறிப் பின்னால் எடுத்தார். அந்தப் பெண்ணுக்குக் கால் தப்பியது. டிரைவருக்கு இடது காது போனது.

யாரோ எடுத்துப் போட்ட வீடியோவை வீட்டில் அக்கா ஏற்கெனவே செல்போனில் பார்த்திருந்தாள்.

"அடிச்சது சரி. குடிகாரன்னு ஏன்டா சொன்ன? தெருவே பார்த்துட்டு இருக்கு."

கையிலிருந்த சொம்பால் அவன் நெற்றியில் அடித்தாள். இன்னொரு அடி விழுந்தது. அவன் தலையை நகர்த்தவில்லை.

"விடுடி. அவன் இல்லன்னா பொணமா வந்திருப்பேன்," என்றார் டிரைவர்.

காது போனவருக்கு டெப்போ ஒர்க்ஷாப்பில் வேலை மாற்றிக் கொடுத்தார்கள். மத்தியானம் கண்டக்டரைத் தன் வலப்பக்கம் உட்காரவைத்துக்கொண்டு சாப்பிடுவார்.

அக்கா இன்னும் தம்பியோடு பேசவில்லை.