கேபினைத் தூக்கிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் லாரி என்னைவிடக் கொடுத்துவைத்தது. ஆயுத பூசை வந்தால் அதற்கு அடிவயிறு நனைய எண்ணெய்க் குளியல், சந்தனம், ஆளுயர மாலை, சுற்றிப்போட ஒரு பூசணிக்காய். எனக்கு ஒரு சேலை, அதுவும் போகிற வழியில் ஏதாவது ஊரில் அவசரமாக எடுத்தது. இதைச் சொல்லி என் வீட்டுக்காரர் கலைமணியை நான் சீண்டாத வருடம் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே மாலையைச் சரிசெய்வார். எங்களுக்கு இருப்பது அந்த ஒரே வண்டி. முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான்.

அந்த மனிதருக்கு இடுப்பு போய்விட்டது. சேலத்து டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் குலுக்கலில் இன்னும் கொஞ்ச காலம் உட்கார்ந்தால் இடது கால் மரத்தே போய்விடும் என்றார். ஒன்று குலுக்கல் நிற்க வேண்டும், இல்லை வண்டியை விட வேண்டும். லாரியில் குலுக்கல் நிற்பதாவது! சில நாளிலேயே என் வீட்டுக்காரர், பழைய லாரி வாங்கி விற்கிற திருச்செங்கோட்டு தனசேகருக்குப் போன் போட்டு விலை பேசிவிட்டார். திங்கட்கிழமை காலையில் தனசேகர் வந்து வண்டியைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத கை அது. வண்டி போனபிறகு வாசலில் உட்கார்ந்து ரோட்டில் போகிற அடுத்தவன் லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

சனிக்கிழமை வண்டியைக் கழுவிவர நாமக்கல்லுக்குக் கிளம்பினார். விற்கப்போகிற வண்டிதானே, கடைசியாக ஒரு முறை உட்கார்ந்து பார்ப்போம் என்று நானும் ஏறிக்கொண்டேன். கொஞ்ச தூரத்திலேயே என் கவனம் ரோட்டை விட்டுக் காலுக்குப் போய்விட்டது. நான் எடப்பாடிக்காரி, கல்யாணம்வரை விசைத்தறிக் கொட்டகையில் நின்றவள். தறி ஓடினால் தரை அதிரும், அது ஒரு ஆட்டம். தறியின் ஒரு கால் தரையில் சரியாக உட்காராவிட்டால் அது வேறு ஆட்டம். ஒவ்வொரு அடிக்கும் பின்னாலேயே இன்னொரு சின்னத் தட்டு வரும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்காலாலேயே சொல்லிவிடலாம். கேபினுக்குள் எனக்குத் தெரிந்தது அந்த இரண்டாவது ஆட்டம்.

"ஏனுங்க," என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். "இது ரோட்டு ஆட்டமில்லீங்க. கேபினுக்கு அடியில ஏதோ லூசா இருக்குது."

"இத்தன வருசமா நான் ஓட்டறேன். நீ ஒரு நாள் ஏறிட்டுக் கண்டுபுடிச்சுட்டயா புள்ள?"

"கண்டுபுடிச்சுட்டனுங்க."

வீட்டுக்கு வந்து இஞ்சினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தோம். கேபினின் மூலை, வண்டியின் முதுகெலும்பான சேஸிஸின் மேல் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கேபின் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ்ஷின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். கீழேயிருந்து வருகிற அதிர்ச்சியை அந்த ரப்பர் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் வண்டியில் அது நசுங்கி, இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டிருந்தன. டயரைப் பார்ப்பார்கள், ஸ்பிரிங் பட்டையைப் பார்ப்பார்கள், இதைக் குனிந்து பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

மெக்கானிக் அற்புதராஜுக்குப் போன் போட்டார். "நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்க, சர்ச்சுல பூசைக்குப் போயிருவேன். திங்கக்கெழம வேற வண்டி நிக்குது. செவ்வாக்கெழம கொண்டாங்க" என்றார் அவர். செவ்வாய்க்கிழமை அது யார் வண்டியோ.

"நாமளே மாத்தலாமுங்க" என்றேன்.

"கேபினத் தூக்கோணும் புள்ள. பூக்கூடைனு நெனச்சயா?"

"நீங்க சொல்லுங்க, நான் தூக்கறேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பைக்கை எடுத்துக்கொண்டு போய், கடை சாத்துவதற்குள் நான்கு மூலைக்கும் புது புஷ் வாங்கி வந்தார். துருப்பிடித்த போல்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தோம்.

விடிந்ததும் ஆரம்பித்தோம். சக்கரங்களுக்குக் கல் வைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றினோம். கேபின் எழும்போது இழுபடக்கூடிய ஒயரையும் குழாயையும் அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் தளர்த்திவிட்டார். அவர் குனியக் கூடாது என்பது என் சட்டம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து வந்தார். "உக்காருங்க, இல்லீனா ஸ்பானரத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்" என்றபிறகுதான் அடங்கினார். ஸ்பானரில் நீளமான பைப்பைச் செருகி அதில் என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். முதல் போல்ட் கிரீச்சென்று கத்திக்கொண்டு திரும்பியது. இந்த உடம்பை இளைக்கச் சொன்ன அத்தனை பேரையும் அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஜாக்கி. அதன் தலைக்கும் கேபினின் அடிச்சட்டத்துக்கும் நடுவே ஒரு தடிப் பலகை. "ஒரு பக்கமாத்தான் தூக்கோணும். அடியில முட்டுக்கட்டை குடுக்காம கைய உள்ள உட்டுறாத சாமி" என்றார். கைப்பிடியை அழுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் அழுத்தினேன், பலகை முனகியது. இன்னொரு அழுத்துக்குக் கேபின் எழுந்தது.

எழுந்தேவிட்டது. சேஸிஸுக்கும் கேபினுக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது, அதன் வழியாக அந்தப் பக்கத்துச் சோளக்காடு தெரிந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அவர் படுக்கை, லுங்கி, முருகன் படம், கலர் கலராய்த் தொங்குகிற குஞ்சம், கல்கத்தா வரையும் குஜராத் வரையும் அவர் உண்டு உறங்கிப் போன அந்த வீடு முழுவதும், தறியில் நின்ற ஒருத்தியின் கைக்குக் கட்டுப்பட்டு உயர்ந்து நிற்கிறது. அதைவிட வியப்பு இன்னொன்று. இவ்வளவையும் இத்தனை வருடம் தாங்கிக்கொண்டிருந்தவை என் உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர்த் துண்டுகள். கோயிலில் நிற்பதுபோல் நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவரும் நாற்காலியை விட்டு எழுந்து வாயைத் திறந்தபடி நின்றார். அந்த வண்டியின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்த மனிதர், அந்த வெளிச்சத்தை மட்டும் அதுவரை பார்த்ததில்லை.

கட்டை கொடுத்துவிட்டுப் பழைய புஷ்ஷை நெம்பினேன். அது ரப்பராகவே இல்லை. உருகின வெல்லம்போல் விரலில் ஒட்டியது, பிசுபிசுத்தது. மோந்து பார்த்தேன், பழைய இஞ்சின் ஆயில் வாசனை.

"எண்ணெ தின்னிருக்குதுங்க. தறியில பெல்ட்டு மேல எண்ணெ பட்டாலே எங்க மொதலாளி சாமியாடிருவாரு. ரப்பருக்கு எண்ணெ ஆகாது. இதுக்கு எங்கிருந்துங்க இவ்வளவு எண்ணெ?"

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை துருப்பிடிக்கக் கூடாதென்று வண்டியின் அடியில் இஞ்சினில் ஓடிக் கழிந்த பழைய ஆயிலைப் பீய்ச்சியடிப்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வது. மற்றவர்கள் ஆள் வைத்து அடிப்பார்கள். இவர் யாரையும் நம்பாமல் தாமே படுத்து, மூலைமூலையாக, ஒரு இடம் விடாமல் அடிப்பார்.

"எம்பட இடுப்ப நானேதான் ஒடச்சுக்கிட்டனா புள்ள?" என்றார்.

வாய்வரைக்கும் வந்துவிட்டது நல்ல வசவு ஒன்று. அந்த முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டேன். "ஆசையாத்தானுங்க பண்ணுனீங்க" என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது.

துணியால் எண்ணெய்ப் பிசுக்கை வழித்துத் துடைத்து, புது புஷ்களை ஒவ்வொரு மூலையாக உட்கார வைத்தோம். நான்கும் உட்காரும்வரை எந்தப் போல்டையும் முழுக்க முறுக்கக் கூடாது என்று விரட்டிக்கொண்டே இருந்தார். ஒரு மூலை ஓட்டைக்கு நேராக வராமல் அடம்பிடித்தது. கடப்பாரையால் நெம்ப, அவரே எழுந்து வந்து போல்டைச் செருகினார். கடைசி போல்டை முறுக்கும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. என் கை, முகம், சேலை எல்லாம் கறுப்பு.

"எருமப்பட்டி வரைக்கும் போய்ட்டுத் திரும்பலாம். அந்த ரோடு போதும், தெரிஞ்சுரும்" என்றார்.

கழற்றின ஒயரையும் தளர்த்தின குழாயையும் திரும்ப மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தோம். இஞ்சின் பிடித்தது. அது எங்கோ கீழே ஓடுவதுபோல் இருந்தது. வழக்கமாகக் கிலுகிலுக்கிற கண்ணாடி ஓசையில்லாமல் நின்றது. ஊர் தாண்டி ரோடு உடைந்து கிடக்கிற இடம் வந்ததும் அவர் வழக்கம்போல் பல்லைக் கடித்து, ஒரு கையை இடுப்பில் அழுத்திக்கொண்டார். சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. கேபின் ஒரு முறை அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். அடுத்த பள்ளம். அதுவும் அப்படியே. நான் உள்ளங்காலைத் தரையில் ஊன்றிக் காத்திருந்தேன். அந்தச் சின்னத் தட்டு வரவே இல்லை. மண்ணாலும் இரும்பாலும் ஆன உலகம் எங்களுக்குக் கீழே தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. நாங்கள் அதன் மேலே உட்கார்ந்திருந்தோம்.

கேட்கப் பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன். "வலிக்குதுங்களா?"

இன்னொரு பள்ளத்தில் வண்டியை இறக்கிப் பார்த்தார். "இருக்குது" என்றார். "இருக்குது புள்ள. ஆனா இருந்த எடத்துலயே இருக்குது. ஏறல." சொல்லிவிட்டு, தாம் சொன்னதையே நம்பாதவர்போல இன்னொரு முறை சொன்னார். "ஏறவே இல்ல."

இடுப்பிலிருந்த கை ஸ்டியரிங்குக்குப் போனது. எருமப்பட்டி வந்தது, கடைகளில் விளக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி திரும்ப வசதியான இடம் வந்தது, அதுவும் போனது.

"எருமப்பட்டி தாண்டிருச்சுங்க."

"தெரியுது" என்றார். கத்தாமல், வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் அவருடைய போனை எடுத்து, காலையில் வண்டியைப் பார்க்க வருவதாக இருந்த தனசேகரின் நம்பரைத் தேடினேன்.