நாலு நாள் மெதுவா, ஒரு நாள் வேகமா

சதுரங்கப்பட்டினம் கோட்டை மதிலோரம் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெனிட்டா தனியாகப் பேசிக்கொண்டே ஓடுவதை ஊரே பார்த்தது. வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பூபாலன், "இந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டான். காதில் போன் மாட்டியிருப்பாள் என்றார்கள். போனாவது ஒன்றாவது! அவள் செத்துப்போன ரெஜினாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். கம்பெனி வேனில் பக்கத்துப் பக்கத்து சீட்டு. போலீஸ் வேலைக்கும் சேர்ந்தே விண்ணப்பம் போட்டார்கள். பரீட்சையை எழுதிவிடலாம், நானூறு மீட்டர் ஓட்டம்தான் பயமாக இருந்தது. பஸ்ஸைத் துரத்தியதைத் தவிர இருவரும் ஓடினதே இல்லை. ரெஜினா எங்கெங்கோ படித்து ஒரு நோட்டுத்தாளில் எழுதிக் கொண்டுவந்தாள்: நாலு நாள் மெதுவா, ஒரு நாள் வேகமா. மெதுவா ஓடுறப்ப பேச முடியணும். முடியலன்னா வேகம் ஜாஸ்தி.

ஜெனிட்டாவுக்கு அது சோம்பேறிக் கணக்காகத் தெரிந்தது. "மெதுவா போறதுக்கு எதுக்குடி ஷூ? நடந்தே போலாமே," என்பாள். தினமும் போட்டி வைத்தாள். தினமும் அவளே ஜெயித்தாள். அந்தக் கடைசி நாளும் தாளின்படி மெதுவாக ஓடவேண்டிய நாள்தான். பின்னாலிருந்து ரெஜினா, "மூச்சு முட்டுதுடி, பேச முடியல," என்றாள். ஜெனிட்டா திரும்பிக்கூடப் பார்க்காமல், "பேசறதுக்கா வந்த? ஓடு!" என்றாள். நானூறு மீட்டருக்கு அடையாளம் வைத்திருந்த மதகு வரை போய்த்தான் திரும்பினாள். ரெஜினா ரோட்டில் குப்புறக் கிடந்தாள்.

பிறவியிலேயே இதயத்தில் கோளாறாம், யாருக்கும் தெரியாதாம். டாக்டர் சொல்லிவிட்டார். ஒருத்தரும் ஜெனிட்டாவைக் குறை சொல்லவில்லை. ரெஜினாவின் அம்மா சாராள் அவளைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். ஆனால் அந்தக் கடைசிப் பேச்சை ஜெனிட்டா யாரிடமும் சொல்லவில்லை. பாவி, எந்த வாயால் சொல்வாள்?

எட்டு மாதம் கழித்து ஓட்டத்தேர்வுக்குக் கடிதம் வந்தது. இதை விட்டால் வயசு தாண்டிவிடும், அப்புறம் காலத்துக்கும் அந்த வேன்தான். ரெஜினாவின் தாளை பீரோவில் ஒட்டிவைத்து, அதில் உள்ளபடியே ஓட ஆரம்பித்தாள். முதல் நாள், மெதுவாக. பேச ஆள் வேண்டுமே. "வேன்ல உன் சீட்டுல புதுசா ஒருத்தி குந்திகினு வரா ரெஜி," என்று சும்மா சொல்லிவைத்தாள்.

"யாருடி அவ?" என்று பக்கத்தில் கேட்டது.

நின்றாளா? இல்லை. எட்டு மாதமாகக் கேட்காத குரலாச்சே, எப்படி நிற்பாள்? பதில் சொல்லிக்கொண்டே ஓடினாள். அப்படியே வாரத்துக்கு நாலு நாள்.

வேகமாக ஓடும் நாள்தான் நரகம். வேகம் ஏறினால் பேச்சு நின்றுவிடும். உடனே பின்னால், ரெஜினாவின் அடி பிரிந்த ஷூ சப்பு சப்பென்று வரும், கூடவே அந்த மூச்சுத் திணறல். ஜெனிட்டாவின் கால் தானாகத் தளரும். திரும்பிப் பார்த்தால் வெறும் ரோடு. வாராவாரம் தேர்வு நேரத்தைவிடப் பத்து செகண்டு தாமதம்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மதிலில் கை ஊன்றிக்கொண்டு சத்தமாகவே சொல்லிவிட்டாள். "ரெஜி, அன்னிக்கு உன்ன ஓடவெச்சது நான்தான். நீ எழுதினத நான் மதிக்கல. மன்னிச்சுடுடி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேக ஓட்டத்துக்குக் கிளம்பினாள். பாதி தூரத்தில் சப்பு சப்பென்று வந்தது. திணறலும் வந்தது. கால் தளர்ந்தது. "ரெஜி..." என்று வாயைத் திறந்தாள். சத்தம் பக்கத்தில் வந்து, அவளைத் தாண்டி முன்னால் போனது. அங்கிருந்து, கிண்டலாக ரெஜினாவின் குரல்:

"பேசறதுக்கா வந்த? ஓடு!"

ஜெனிட்டா அழுதுகொண்டே ஓடினாள், அந்தச் சத்தத்தை விரட்டிக்கொண்டு. மதகைத் தொட்டு வாட்சைப் பார்த்தால் மூன்று செகண்டு மிச்சம்! பூபாலன் வலையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினான்.

மறுநாள் மெதுவாக ஓடும் நாள். "ரெஜி, மூணு செகண்டு மிச்சம்டி!" என்றாள். கடல்காற்றுதான் அடித்தது. வேகம் ஜாஸ்தியோ என்று குறைத்துப் பார்த்தாள். "ரெஜி..." இன்னும் குறைத்தாள். கடைசியில் நடந்தே பார்த்தாள். மூச்சு நன்றாகத்தான் வந்தது. பேசத்தான் ஆள் இல்லை.