ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை

சம்பத்துக்கு முப்பத்தெட்டு வயது. நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவன். அவன் தங்கை தாட்சாயணிக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. யாராவது தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டில் சம்பத்தின் ரத்தம் மட்டும்தான் பொருந்தியது. ஆனால் ஸ்கேனில் அவன் கல்லீரலிலும் கொழுப்பு தெரிந்தது.

"இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து. ஒன்பது கிலோ குறையணும்," என்றார் தெலுங்குக்கார டாக்டர், தனக்குத் தெரிந்த தமிழில். "சோறு குறைங்க. ஓடுங்க. ஆனா மெல்லகா, மெல்லகா."

ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வாரத்துக்கு வாரம் ஒரு நிமிடம் ஓட்டத்தைக் கூட்ட வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு சம்பத் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. முதல் நாள் ஜூனியர் காலேஜ் மைதானத்தில் மூன்றாவது சுற்றிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தான். மீதி ஐந்தையும் முடித்துவிட்டுத்தான் தறிக்குப் போனான்.

சாயங்காலம் தாட்சாயணி போன் செய்வாள்.

"இன்னிக்கி எவ்ளோ ஓடுன?"

"ஒரு நிமிசம்."

"அவ்ளோதானாண்ணா?" என்று சிரிப்பாள். வீடியோவில் அவள் கண்கள் மஞ்சளாக இருக்கும்.

நான்காவது வாரம் நான்கு நிமிடம் ஓடினான். நான்கு கிலோ குறைந்திருந்தது. அப்போதுதான் அவள் புருஷன் ஹரிபிரசாத் கூப்பிட்டான்.

"வயித்துல தண்ணி சேந்துக்கினே இருக்குது மச்சான். நேத்து ரெண்டாவது தபா எடுத்தாங்க. இன்னும் எவ்ளோ நாளு?"

மறுநாள் சம்பத் சீட்டைப் பார்க்கவில்லை. நடக்காமல் முடிந்த மட்டும் ஓடினான். வேலை விட்டு வந்து மறுபடியும் ஓடினான். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எலும்பில் குத்தல் எடுத்து, காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இரண்டு வாரம் ஓட்டம் நின்றது. ஒற்றைக் காலில் பாரம் போட்டுத் தறி ஓட்டினான். தங்கை கேட்டபோது, "அஞ்சு நிமிசம்," என்றான். மறுவாரம், "ஆறு."

கால் ஆறியதும் மறுபடி ஒரு நிமிடத்திலிருந்து தொடங்கினான். மூன்று மாதத்தில் முடிய வேண்டியது மூன்றரை மாதம் ஆனது. ஒன்பது கிலோ குறைந்தது, ஸ்கேன் சுத்தமாக வந்தது. புதன்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்றுத் தண்ணீரில் கிருமி சேர்ந்திருந்தது. காய்ச்சல் இறங்காமல் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர்.

ஐசியூவில் ஒரு ஆளை மட்டும் விட்டார்கள். சம்பத் போனான்.

"எவ்ளோ ஓடுன?"

"பத்து நிமிசம். நிக்காம."

"இது நெஜமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கால் ஒடிஞ்சாப்ல கெடந்தியாமே. அண்ணி சொல்லிச்சி." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இவருகிட்ட சொல்லாத. உன்னத்தான் பேசுவாரு."

செவ்வாய்க்கிழமை மதியம் இறந்துபோனாள்.

காரியம் முடிந்த அன்று சாப்பிடும்போது ஹரிபிரசாத், "பத்து நாளு முந்தி நாள் கெடச்சிருந்தா பொழச்சிருப்பா மச்சான்," என்றான். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அதனாலேயே சம்பத்தால் பொறுக்க முடியவில்லை. அவசரப்பட்டு ஓடியதையும் கால் போனதையும் சொல்லிவிட்டான்.

ஹரிபிரசாத் பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு சம்பத் போன் செய்தால் அவன் எடுப்பதில்லை.

அடுத்த திங்கட்கிழமை விடியும் முன்பே சம்பத்துக்குத் தானாக விழிப்பு வந்தது. எதற்கென்று தெரியாமலே மைதானத்துக்குப் போய் ஓடினான். இருபது நிமிடம் நிற்காமல் ஓடினான். மூச்சு வாங்கவில்லை, காலும் வலிக்கவில்லை. நின்றபோது அந்த உடம்பின் மேல் அவனுக்கு வெறுப்பாக இருந்தது.