பீஸ் கம்பி

எழுபத்து நாலாம் வருடத் தீபாவளிக்கு முந்தின நாள், கோம்பையில் வீட்டுக்குள் இருந்தது பூனையும் நாயும்தான். மற்ற எல்லாரும் வைகுண்டராஜின் மாவு மில் வாசலில் பாத்திரத்தோடு நின்றார்கள். வரிசையின் கடைசி ஆளைப் பார்க்கப் போனவன் உத்தமபாளையத்தில் பஸ் ஏறித்தான் திரும்பி வர வேண்டும். அத்தனையும் அதிரசத்துக்கு ஊறப்போட்ட அரிசி. ஈர மாவு கல்லில் அப்பிக்கொள்ள, மோட்டார் ஈனப்போகும் எருமையாக முக்கியது.

சுவரில் பீஸ் கட்டை 'டப்' என்றது. மில் நின்றது.

"போச்சு! ஏலே வேலுச்சாமி, ஒங்க மில்லு ஓடுறதவிட நிக்கிறதுதான் சாஸ்தி," என்றாள் வரிசையின் முதலில் நின்ற மொக்கம்மாள். அவளுடைய அரிசி பாதி தொட்டியிலும் பாதி கல்லுக்குள்ளும் மாட்டிக்கொண்டது.

மில் ஓட்டும் வேலுச்சாமி தலை முதல் கால்வரை மாவு. சிரித்தால்தான் அங்கே ஓர் ஆள் நிற்பது தெரியும். அன்று அவன் சிரிக்கவில்லை. சித்திரையில் மோட்டார் எரிந்தபோதே, இன்னொரு தடவை எரிந்தால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம்.

கட்டையைப் பிடுங்கிப் பார்த்தான். கம்பி உருகித் துளியாகத் தொங்கியது.

"மொதலாளி, பீஸ் கம்பி தீந்துபோச்சு. இதே அளவுல கடையில வாங்கியாந்துர்றேன். ஈர அரிசியையும் கொஞ்சங் கொஞ்சமாத்தான் விடணும்."

வைகுண்டராஜ் கல்லாவிலிருந்தபடியே எதிர்ச்சாரியைப் பார்த்தார். புதிதாகத் திறந்த மில்லுக்கு இரண்டு பெண்கள் தெருவைக் கடந்துகொண்டிருந்தார்கள். தன் இரண்டு கண்களையும் அவர்கள் தோண்டி எடுத்துப் போவதுபோல அவர் துடித்தார்.

"நீ கடைக்குப் போயி வர்றதுக்குள்ள பொங்கலே வந்துரும். அந்தா கெடக்குல்ல ஒயரு, அதச் சீவிப் போடு."

வேலுச்சாமி ஒயரைப் பல்லால் உரித்தான். செம்பு இழைகள் கொத்தாக விரிந்தன. ஒன்றைப் பிரித்து, உருகிய கம்பியின் மிச்சத்தோடு சேர்த்து விரலில் உருட்டிப் பார்த்தான். ஒன்றே போதுமென்று பட்டது.

"என்னலே, பொண்டாட்டிக்குச் செயினு பாக்குறியா? மொத்தத்தையும் முறுக்கிப் போடு!"

"மொத்தமும் போட்டா பீஸு போகாது மொதலாளி. மோட்டாரு போயிரும்."

"பீஸு போகக் கூடாதுன்னுதாம்லே போடச் சொல்றேன். போடுறியா, வேற ஆளக் கூப்புடவா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேலுச்சாமி கொத்தை முறுக்கிப் போட்டான்.

மில் ஓடியது. முதலாளியே வந்து நின்று, மரக்கால் மரக்காலாகக் கவிழ்த்தார். "அப்பிடிப் போடு ராசா!" என்று மொக்கம்மாள் கை தட்டினாள். அந்தக் கைதட்டல் ஓயுமுன் கல் பிடித்துக்கொண்டது. மோட்டார் சுற்றாமல் நின்ற இடத்திலேயே உறுமியது. பீஸ் போகவில்லை. கருகல் வாடையோடு புகை வந்தது. மெயின் சுவிட்சின் கைப்பிடி இறுகிக் கிடந்தது. வேலுச்சாமி ஓடிப்போய்ப் பீஸ் கட்டையைக் கையால் பிடுங்கினான். மேகமலையில் மேய்ந்த மாடெல்லாம் மிரண்டிருக்கும், அப்படி ஒரு நீல வெளிச்சம். உள்ளங்கைத் தோல் கட்டையோடு போனது.

"எவம்லே இம்புட்டுத் தடியாக் கம்பி போட்டது?" என்றார் வைகுண்டராஜ்.

"நீங்கதான மொதலாளி போடச் சொன்னீக."

"நானா? ஏத்தா மொக்கம்மா, நான் சொன்னதக் கேட்டியா?"

மொக்கம்மாள் வாயைத் திறந்தாள். கல்லுக்குள் சிக்கிய தன் அரிசியைப் பார்த்தாள். "எனக்குக் காது மந்தம்யா. அரிசியக் குடுத்தா நான் பாட்டுக்குப் போயிருவேன்."

"நாளையிலருந்து இந்தப் பக்கம் தல காட்டாத," என்றார் அவர் வேலுச்சாமியிடம். அவன் துண்டை உதறித் தோளில் போட்டதும், "இப்ப எங்க போற? மோட்டார எவன் கழட்டுவான்?"

ஒற்றைக் கையால் அவன் போல்ட்டுகளைக் கழற்றினான். நாலு பேர் சேர்ந்து மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். எரிந்த மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டும் பட்டறை உத்தமபாளையத்தில். முதலாளி வண்டிக்காரனை ஒட்டி முன்னால் உட்கார்ந்தார். உருளாமல் பிடித்துக்கொள்ள வேலுச்சாமி பின்னால் ஏறினான். கையில் கோணித் துணி சுற்றியிருந்தது. சூடு தணியாத இரும்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

ரோட்டில் குழி இல்லாத இடம் மைல்கல் நட்ட இடம்தான். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்க, மோட்டார் சரிந்து அவன் வெந்த கையைப் பக்கப் பலகையோடு நசுக்கியது. அவன் அலறினான்.

வைகுண்டராஜ் பதறித் திரும்பினார்.

"என்னலே, மோட்டாரு இடிச்சிருச்சா? கைய எடுத்துராத! அப்பிடியே அண்டக் குடுத்து வை!"

வண்டி அடுத்த பள்ளத்தில் இறங்கியது.